ஏணையா, பாயா: நாலாம் மாத நித்திரைக் குழப்பம்

இரவில் ஒழுங்காகப் படுத்த பிள்ளை நாலு மாதமளவில் திடீரென மணிக்கொரு தடவை எழும்பினால், பெரும்பாலும் அது வருத்தமில்லை. அந்த வயதில் நித்திரையின் போக்கே மாறுகிறது. ஒவ்வொரு நித்திரைச் சுற்று முடியும்போதும் பிள்ளை கண் விழிக்கிறது.

எங்கள் கிளிநொச்சி வீட்டில், மகள் இப்படி எழும்பத் தொடங்கிய முதல் நாளே அம்மம்மா கூரை வளையில் பழைய பருத்திச் சேலையால் ஏணை கட்டிவிட்டார். ஆட்டினால் ஐந்து நிமிடத்தில் கண் சொருகும். ஆனால் ஆட்டம் நின்றதும் முழிப்பு. விடிய விடியக் கயிற்றைப் பிடித்தபடி இருக்க வேண்டும். அதைவிட, சேலை குழிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பாய் மெதுவான வழி. நுளம்பு வலைக்குள், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்தி நெஞ்சில் கை வைத்தேன். முதல் சில இரவுகள் சிணுங்கல்தான். பிறகு இடையில் முழித்தாலும், விரலைச் சூப்பிக்கொண்டு தானாகவே கண்ணை மூடத் தொடங்கினாள்.

சரி, வன்னி வெக்கையில் மின்சாரம் நின்ற மத்தியானத்தில் நான் ஏணையைத்தான் எடுப்பேன், பக்கத்திலேயே இருந்து பார்த்தபடி. இரவுக்குப் பாய்தான். காய்ச்சலோ பால் குடிக்க மறுப்பதோ சேர்ந்தால், இரண்டையும் விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.