கடுகா, வெட்டிவேரா? சுரங்க மண்ணில் எதை நடுவது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சுரங்கம் என்றாலே கிரானைட் குவாரிதான் நினைவுக்கு வரும். கல் தூசியால் வரும் தொல்லைகள் தனி. ஆனால் குவாரி மண் முழுக்க ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கிடக்கின்றன என்று கிளப்பிவிடுவது சரியல்ல. உலோகக் கவலை தாது தோண்டிய இடங்களுக்கே உரியது. எல்லை தாண்டினால், 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு கழிவு மேடுகள் இன்னும் நிற்கின்றன. அரூர், ஊத்தங்கரைப் பகுதியிலும் மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாது கண்டறியப்பட்டிருக்கிறது. நாளை அதைத் தோண்டினால் இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்துவிடும்.

செடிகளை வைத்து மண்ணைச் சீராக்கலாம் என்று பேச்செடுத்தால் முதலில் அடிபடும் பெயர் கடுகு. கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக விதைத்துப் பழகிய பயிர்தான். வேர் உறிஞ்சும் உலோகத்தில் ஒரு பங்கைத் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றும். செடியை அறுத்து அப்புறப்படுத்தினால் அந்த அளவு உலோகம் மண்ணைவிட்டுப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் மேல் 20 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 2,600 டன். கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 1,300 கிலோ. ஒரு போகத்தில் 5 டன் காய்ந்த செடி கிடைத்து, அதில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயம் ஏறியிருந்தாலும் (இது தாராள மதிப்பு) வெளியேறுவது ஒரே ஒரு கிலோ. பாதி ஈயத்தை எடுக்க 650 போகம் வேண்டும். பேரன் காலத்திலும் முடியாத வேலை.

ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றினால் ஈயம் கரைந்து செடிக்குள் வேகமாக ஏறும் என்பது உண்மை. கரைந்த ஈயம் முழுவதும் செடிக்குள் போவதில்லை. மிச்சம் மழைநீரோடு கீழே இறங்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டங்களில் இந்த யோசனையை நான் ஒப்பமாட்டேன்.

வெட்டிவேர் போகும் பாதை நேர் எதிர். ஈயம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றில் பெரும்பங்கை வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது. தாளுக்கு ஏறுவது சொற்பம். ஆகவே மண் சுத்தமாகிவிடாது, இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மூன்று மீட்டர் வரை இறங்கும் வேர் சரிவைப் பிடித்து நிறுத்தும். தூசி பறப்பதும் மழையில் மண் கரைந்து ஏரிக்குப் போவதும் குறையும். மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அவசரத் தேவை அதுதான்.

நடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே நாலைந்து விரல்கடை இடைவெளியில் வரிசையாக வைக்க வேண்டும். கழிவு மண்ணில் சத்து என்பதே இல்லாததால் குழியில் தொழுவுரம் கட்டாயம். ஆவணி, புரட்டாசி மழையை ஒட்டி வைத்தால் தண்ணீர்ச் செலவு குறையும். இளந்தாளை ஆடு கடித்துவிடும் என்பதால் ஓரங்களில் ஆடு சீண்டாத ஆவாரையும் எருக்கும் நல்ல துணை. மூன்றுமே நம் மண்ணின் செடிகள். தானாக முளைக்கும் சீமைக்கருவேலம் இருக்க இவை எதற்கு என்று கேட்பார்கள். அதன் காயைத் தின்னும் ஆடுகள் விதையை ஊரெங்கும் பரப்பிவிடும் என்பதே என் பதில்.

வெட்டிவேரிலும் ஓர் ஆபத்து உண்டு. அதன் வேருக்குச் சந்தையில் விலை இருக்கிறது. உலோகம் தங்குவதும் அதே வேரில். கழிவு மேட்டில் தோண்டிய வேர் தண்ணீர்ப் பானைக்குள் போய்விடக் கூடாது. அங்கே பறித்த ஆவாரம்பூவும் தேநீருக்கு ஆகாது. காவலுக்கு ஆள் போட முடியாத இடமென்றால், வேரை யாரும் தேடாத எருக்கையும் ஆவாரையையும் மட்டும் வைப்பேன்.

அந்த நிலத்தில் மறுபடி கேழ்வரகே விதைக்க வேண்டும் என்றால் கடுகு, வெட்டிவேர் இரண்டுமே உதவாது. மேல்மண்ணை வழித்தெடுத்துப் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டியதுதான். செலவு மிக அதிகம்.

எதை நடுவதானாலும் முதலில் மண்ணைச் சோதித்தாக வேண்டும். அரசின் மண்வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் துத்தநாகம், தாமிரம் உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் கிடையாது. கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.