விக்டோரியாவின் செம்மண்ணில் ஜிபிஎக்ஸ் 5000 மெட்டல் டிடெக்டர்: சில வருட அனுபவம்

தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த மண்ணில் தேடப் போகிறீர்கள் என்றுதான். பட்ஜெட் எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு மண்ணில் அற்புதமாக வேலை செய்யும் கருவி, நூறு மீட்டர் தள்ளி இன்னொரு மண்ணில் காது கிழியக் கத்தும்.

நான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னில் இருக்கிறேன். தேடுவதெல்லாம் வடமேற்கே காரில் இரண்டரை மணி நேரத் தொலைவில், டனோலி, மோலியாகுல், டார்நகுல்லா, வெடர்பர்ன் வட்டாரத்தில். 1851-இல் தங்க வேட்டை தொடங்கியதிலிருந்து திரும்பத் திரும்பக் கிளறப்பட்ட பூமி அது. மோலியாகுலில் 1869-இல் கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி 70 கிலோவுக்கு மேல். தரைக்குச் சற்றே கீழே, மர வேர்களுக்கிடையில் கிடந்தது. 1980-இல் கிங்கோவர் அருகே 27 கிலோ கட்டி ஒன்றை மெட்டல் டிடெக்டர்தான் காட்டிக்கொடுத்தது. இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பலர் கருவி வாங்குகிறார்கள். நடைமுறையில் கையில் சிக்குவது பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் குறைந்த துணுக்குகள். அந்தக் குண்டுமணித் தங்கத்தைத் தேடுகிறவன் என்ற இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

கருவிகளில் இரண்டு பெரிய வகை உண்டு. விஎல்எஃப், அதாவது மிகக் குறைந்த அதிர்வெண் கருவி, இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் கேட்கும். மிகச் சின்னத் தங்கத்தை நன்றாகப் பிடிக்கும், இரும்பா இல்லையா என்று ஓரளவு பிரித்தும் சொல்லும், விலையும் குறைவு. ஆனால் மண்ணில் இரும்புத் தாது அதிகமானால் தரையே உலோகம் போல ஒலிக்கத் தொடங்கும். பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பிஐ, ஒரு துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் கேட்கிறது. மண்ணின் கூச்சலில் பெரும்பகுதி அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடுவதால் இன்னும் ஆழத்தில் கிடப்பது காதுக்கு எட்டுகிறது. ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது: மிகச் சின்னத் துணுக்கின் ஒலியும் அதே வேகத்தில் மறைந்துவிடும். 1995-இல் அடிலெய்டைச் சேர்ந்த மைன்லாப், எஸ்டி 2000 என்ற பிஐ கருவியைக் கொண்டுவந்த பிறகு, ‘இங்கே எல்லாம் எடுத்தாயிற்று’ என்று கைவிடப்பட்ட பல இடங்கள் மறுபடி தங்கம் கொடுத்தன.

டனோலிப் பக்கத்துச் செம்மண்ணிலும் இரும்புக் கல்லிலும் பிஐ இல்லாமல் முழு நாள் தேடுவது சிரமம் என்பது என் தீர்மானமான கருத்து. நான் வைத்திருப்பது மைன்லாப் ஜிபிஎக்ஸ் 5000. 2010-இல் வந்த மாடல், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கூடவே கோல்ட் மான்ஸ்டர் 1000 என்ற 45 கிலோஹெர்ட்ஸ் விஎல்எஃப் கருவியும் உண்டு. பாறை தெரியும் மேட்டுச் சரிவுகளிலும், பழைய ஆட்கள் கொட்டிவிட்டுப் போன வெங்கச்சங்கல் குவியல்களிலும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். மண் அமைதியாக இருக்கும் இடத்தில் அரிசிக் குருணை அளவுத் தங்கத்தைக்கூட அது விடுவதில்லை.

காயில், அதாவது தரைக்கு மேல் வீசும் கம்பிச்சுருள் தட்டு, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியை மாற்றுவதைவிடக் காயிலை மாற்றியதில்தான் எனக்குப் பலன் அதிகம். பெரிய காயில் ஆழமாகப் போகும் என்பது பெரிய தங்கத்துக்கு மட்டுமே உண்மை. சின்னத் துணுக்குக்குப் பெரிய காயிலின் புலம் மிகவும் பரந்து நீர்த்துப்போகிறது. நூற்றைம்பது வருடமாகப் பலர் தேடிய இடத்தில் பெரிய கட்டி மிச்சமிருக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் 11 அங்குலக் காயிலும், புதர்களுக்கும் பள்ளங்களுக்கும் அதைவிடச் சின்னது ஒன்றும் எனக்குப் போதும். ஒரே சுருளால் அனுப்பவும் கேட்கவும் செய்யும் மோனோ காயில் ஆழத்திலும் உணர்திறனிலும் ஒரு படி மேல். இரண்டு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கும் டபுள் டி காயில் மோசமான மண்ணில் அமைதி தரும். இரண்டையும் எடுத்துப் போய், மோனோவில் தொடங்கி, தரை அடங்காவிட்டால் மட்டும் மாற்றுங்கள். வெளி நிறுவனம் ஒன்றின் காயில் வாங்கினேன். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் கேபிள் முனையில் கரகர சத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து எந்தக் காயிலானாலும் கேபிளைத் தண்டோடு அசையாமல் சுற்றிக் கட்டுகிறேன். கேபிள் ஆடினாலே பொய்ச் சத்தம் வரும்.

இனி அமைப்புகள். களத்துக்குப் போனதும் முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, ஆட்டோ ட்யூன் செய்கிறேன். சுற்றுப்புற மின்காந்த இரைச்சலைத் தவிர்த்துக் கருவி ஓர் அலைவரிசையைத் தேடிக்கொள்ளும். அது முடியும்வரை காயிலை ஆட்டாமல் பிடிக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு டிடெக்டர் ஓடக் கூடாது. அப்புறம் கிரவுண்ட் பேலன்ஸ்: உலோகம் இல்லாத ஒரு சுத்தமான இடம் பார்த்து, பட்டனை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கினால் சத்தம் படிப்படியாகச் சமப்படும். மண்ணின் நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது டைமிங், அதாவது துடிப்பை எப்படி அனுப்பி எப்போது கேட்பது என்ற அமைப்பு. ஜிபிஎக்ஸ் 5000-இல் எட்டு வகை மண் அமைப்புகள் இருக்கின்றன. அமைதியான மண்ணுக்கு நார்மல். ஆழமும் அதில் நன்றாகக் கிடைக்கும். மண் சூடாக, அதாவது தாதுக் கூச்சலோடு இருந்தால் ஃபைன் கோல்ட். சின்னத் தங்கத்தை விடாமல் தரையை அடக்குகிறது. நான் அதிக நேரம் இருப்பது அதில்தான். மிக மோசமான இடத்துக்கு என்ஹான்ஸ். இதற்கும் அடங்காத தரையில்தான் கெய்னை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, குறைப்பேன். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கெய்னை முழுக்க ஏற்றிவைத்து, வரும் கூச்சலை ஆழம் என்று நம்புகிறார்கள். அமைதியாக ஓடும் கருவியில்தான் ஆழத்துத் தங்கம் கேட்கும்.

த்ரெஷோல்ட் என்ற அந்தத் தொடர் ஒலியைக் காதோரம் கொசு ரீங்கரிப்பது போல மெல்லியதாக வைக்க வேண்டும். ஆழத்தில் இருக்கும் தங்கம் ‘பீப்’ என்று அடிக்காது. அந்த ரீங்காரம் ஒரு கணம் லேசாக வளைந்து திரும்பும், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் அது காதில் விழாது, ஹெட்போன் கட்டாயம். காயிலைத் தரையோடு ஒட்டி, நிதானமாக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதின் மேல் பாதி படியும்படி வீச வேண்டும். கை ஓரங்களில் மேலே தூக்கினால் அந்த இடத்தில் ஆழம் போய்விடும்.

அமைப்பு சரியா என்று பார்க்க, ஈயக் குண்டு ஒன்றைத் தட்டையாக்கி ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன். புது இடத்தில் அதைப் புதைத்து, மேலே வீசி, டைமிங் மாற்றி மாற்றிக் கேட்பேன். கிளறிய மண்ணில் ஒலி கொஞ்சம் வேறுபடும். ஆனால் எந்த அமைப்பு மற்றதைவிடத் தெளிவு என்று ஒப்பிட இது போதும்.

பிஐ கருவியில் இரும்பைப் பிரித்தறிவதை நம்பவே வேண்டாம். கேட்ட எல்லாவற்றையும் தோண்ட வேண்டும்: குதிரை லாட ஆணி, பூட்ஸ் ஆணி, துப்பாக்கி ரவை. பிக்காசின் தலையில் பலமான காந்தம் ஒன்றைப் பொருத்தினால் இரும்பு தானே ஒட்டிக்கொள்ளும், பாதி நேரம் மிச்சம். ஈயத்துக்கு அந்த வழியும் இல்லை. தங்கத்தைப் போலவே ஒலிக்கும். ஸ்டீல் முனை வைத்த பூட்ஸ் வேண்டாம், காயில் அதையும் கண்டுபிடிக்கும். கோடையில் பழுப்புப் பாம்பும் காட்டுத்தீ அபாயமும் இருப்பதால் மே முதல் செப்டம்பர் வரைதான் என் காலம்.

விக்டோரியாவில் தங்கம் தேட மைனர்ஸ் ரைட் என்ற அனுமதி வாங்கியே தீர வேண்டும். கட்டணம் சொற்பம், பத்து வருடம் செல்லும், கிடைத்த தங்கம் உங்களுக்கே. கைக்கருவிகள் மட்டும்தான். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தடை. தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பூர்வகுடிகளின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. தோண்டிய குழியை மூடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கங்காருவின் கால் அதில் மாட்டும், நம் எல்லோருக்குமான அனுமதியும் ஒருநாள் பறிபோகும்.

ஊரிலிருந்து சிலர் புதையல் தேட இது உதவுமா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஆசையில் லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்காதீர்கள்.

2021-இல் வந்த ஜிபிஎக்ஸ் 6000-ஐ நண்பரோடு மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். எடை சுமார் 2 கிலோதான். 5000-க்கு வேண்டியிருக்கும் தோள்பட்டை வார், முதுகில் பேட்டரி எதுவும் இல்லை. சின்னத் தங்கத்துக்கு அது மேல் என்பதில் சந்தேகமில்லை, அமைப்புகளில் பலவற்றைத் தானே பார்த்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பணம் இருந்தால் அதையே சொல்வேன். எனக்கு 5000-இன் டைமிங்குகளைக் கையால் மாற்றிக் கேட்பது பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்கிறேன்.

செகண்ட் ஹாண்ட் வாங்குவதானால் போலிகள் நிறைய உலவுகின்றன என்பதை மறக்க வேண்டாம். சீரியல் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் சரிபாருங்கள். வீட்டுக்குள் சோதித்தால் மின்கம்பிகளின் இரைச்சலில் எதுவும் புரியாது. விற்பவரையும் கூட்டிக்கொண்டு ஒரு திறந்த வெளிக்குப் போய், காயில் கேபிளை அசைத்துப் பார்த்து, பேட்டரியில் அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதற்குப் பிறகு பணத்தை எடுங்கள்.