லேப்ரடார் குட்டி வாங்கப் போறீங்களா, பேப்பர மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க

பெங்களூர்ல லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல், பூடில் குட்டி தேடிட்டு இருக்கறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு பிரீடர் கிட்டதான் எங்க மணிய வாங்குனோம், அப்பா அம்மா ரெண்டுக்கும் கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருக்கு சார், பரம்பரை வியாதி எதுவும் கெடையாதுன்னு அடிச்சு சொன்னாரு. நாலு வயசு கூட ஆகல, ராத்திரி கரண்ட் போனா எடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறான், படி இறங்க பயப்படுறான், ஆனா பகல்ல நல்லாத்தான் ஓடுனான். கண் டாக்டர் கிட்ட காமிச்சா பிஆர்ஏன்னுட்டாரு. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற வியாதி, மொதல்ல இருட்டுல பாக்கற செல்லு போகும், அப்புறம் பகல் பார்வையும் போயிரும், இத குணமாக்க மருந்து கெடையாதாம். டிஎன்ஏ டெஸ்ட்லயும் உறுதியாயிருச்சு. இப்ப பகல்லயே பந்து தெரியல, தரையில உருள்ற சத்தத்த வச்சுத்தான் தேடுறான், பாக்கவே வயிறு எரியுது.

பிரீடருக்கு போன் பண்ணா நீங்க வெயில்ல விட்டிருப்பீங்க, சாப்பாடு சரியில்லன்றாரு. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல! மணிக்கு வந்திருக்குன்னாலே அப்பா கிட்டருந்து ஒண்ணு அம்மா கிட்டருந்து ஒண்ணுன்னு அந்த கெட்ட ஜீன் ரெண்டு பக்கமும் வந்திருக்கு, ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தா அவனுக்கு கண்ணு போயிருக்காது. இத சொன்னதுக்கு அந்த மனுஷன், வேணும்னா அதே ஜோடியோட அடுத்த ஈத்துல ஒரு குட்டி பாதி வெலைக்கு தரேன்றாரு. அதே ஜோடி! பொறக்கற ஒவ்வொரு குட்டிக்கும் குறைஞ்சது நாலுல ஒரு பங்கு சான்ஸ் இருக்குன்னு தெரிஞ்சும் விக்கறாரு.

கேசிஐ பேப்பர் வம்சாவளி மட்டும்தான் சொல்லும், கண்ணு பத்தி ஒண்ணும் சொல்லாது. மணிக்கு கண்ணு போகக் காரணமான பிஆர்சிடின்ற இந்த ஜீன 2006லயே கண்டுபுடிச்சுட்டாங்க, கன்னத்துக்குள்ள பஞ்சு வச்சு தேச்சு லேபுக்கு அனுப்புனா போதும். அதனால அப்பா அம்மா ரெண்டோட டிஎன்ஏ ரிப்போர்ட்டும் கேளுங்க, ஒண்ணாவது கிளியர்னு, அதாவது கெட்ட ஜீன் ஒண்ணு கூட இல்லன்னு இருந்தா குட்டிக்கு இந்த வகை பிஆர்ஏ வராது. வேற வகை பிஆர்ஏவும் இருக்கு, அதனால கண் டாக்டர் செக் பண்ண பேப்பரும் கேளுங்க. நாய் பிரீடிங்குக்கான 2017 விதிப்படி பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணிருக்கணும், அந்த நம்பர் இல்லன்னா திரும்பி வந்துருங்க.

மணி கூட பொறந்த குட்டிங்கள அந்தப் பக்கம் வாங்குனவங்க யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு டெஸ்ட் எடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஜோடி சேக்காதீங்க.