விமானி ஓய்வு விதியைக் காட்டி 21,460 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: டிக்கெட் செயலியில் வாங்குவோர் கவனத்துக்கு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெரிய டிக்கெட் முன்பதிவுச் செயலி என் பணம் 21,460 ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. தினமும் தள்ளுபடிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிற வகை என்றால் உங்களுக்கே புரியும்.

2025 டிசம்பர் 5 மாலை எனக்கும் அப்பாவுக்கும் சென்னையிலிருந்து டெல்லிக்கு டிக்கெட். தம்பி மகளுக்குப் பெயர் சூட்டு விழா. 4-ஆம் தேதியே நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் விமானங்கள் ரத்தாகிக்கொண்டிருந்தன. அன்றிரவு செயலியின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த இளைஞர் தமிழில், அவசரமே இல்லாமல் பேசினார். "அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறீர்களே மேடம், அவரை ஏன் விமான நிலையத்தில் அலையவிடுகிறீர்கள்? விமானிகளுக்குப் புது ஓய்வு விதி வந்துவிட்டது, ஓட்ட ஆள் இல்லை, உங்கள் விமானமும் போகாது. இப்போதே செயலியில் ரத்து என்பதை அழுத்திவிடுங்கள், முழுப் பணமும் வந்துவிடும்" என்றார். அப்பாவைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகிப்பது? அவர் இணைப்பில் இருக்கும்போதே, அவர் சொன்ன இடத்தில், சொன்னபடி அழுத்தினேன். "நன்றி தம்பி" என்று சொல்லித்தான் வைத்தேன்.

மறுநாள் விமான நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்தது. நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணம். ஆனால் செயலியின் கணக்கில் நான் முந்தைய இரவே "சொந்த விருப்பத்தில்" ரத்து செய்தவள்! ரத்துக் கட்டணம், வசதிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சும் சில்லறையைச் செயலியின் பணப்பையில் போடுவார்களாம். அதை வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாதாம். 21,460 ரூபாய் கட்டியவளுக்கு இதுதான் பதில்.

அதன்பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. செயலியைக் கேட்டால், "விமான நிறுவனம் இன்னும் பணம் அனுப்பவில்லை." நிறுவனத்தைக் கேட்டால், "முகவருக்கு அனுப்பிவிட்டோம், அவர்களைக் கேளுங்கள்." அந்த இளைஞர் பேசிய பதிவைக் கேளுங்கள் என்றால், "அழைப்புப் பதிவுகள் உள் பயன்பாட்டுக்கு மட்டும்." மேலதிகாரி 48 மணி நேரத்தில் அழைப்பார் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை. ஒரு நாள் காலை பார்த்தால் என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கிறது. யாருக்குத் தீர்ந்தது? நிலுவைப் பணம் முழுவதையும் டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். "அது எங்களுக்குப் பொருந்தாது மேடம்."

எல்லோரும் சொல்லும் ஒரே சாக்கு, விமானிகளின் ஓய்வு விதி. ஏதோ நேற்றிரவு வானத்திலிருந்து விழுந்ததைப் போலச் சொல்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த விதியை வெளியிட்டது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது 2025 ஜூலை 1 முதல். இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகள் நவம்பர் 1 முதல்: இரவு என்பது 12 மணியிலிருந்து காலை 6 வரை, முன்பு 5 வரைதான், இரவில் தரையிறக்கம் ஆறாக இருந்தது இரண்டானது. இதன்படி பணிப்பட்டியல் போட்டால் கூடுதல் விமானிகள் தேவை என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் தெரியும். ஒரு விமானம் தாமதமானால் விமானியின் பணி நேரம் முடிந்துவிடும், அடுத்த விமானத்தை அவர் ஓட்ட முடியாது, அது வேறு ஊரில் இன்னொன்றை நிறுத்தும். ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தும் ஆள் எடுக்காமல், குளிர்கால அட்டவணையை மட்டும் நிரப்பி டிக்கெட் விற்றது யார்?

விமானிகள் மீது எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. 2010-இல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், தலைமை விமானி வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார் என்று விசாரணை அறிக்கையே சொன்னது. அப்பாவை ஏற்றிச் செல்கிறவர் நன்றாகத் தூங்கி எழுந்து வரட்டும். ஆனால் டிசம்பர் 5 அன்று தளர்த்தப்பட்டது என்னவோ அந்த ஓய்வு விதிதான். விமான நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. எனக்கு 21,460 ரூபாய் நஷ்டம்.

இன்னொன்று. திடீர் ரத்துக்கான இழப்பீட்டை விமான நிறுவனம் தவிர்க்க இடம் தரும் அசாதாரணச் சூழல்களில் "அரசு விதி அல்லது உத்தரவு" என்பதும் இருக்கிறது. விதி, விதி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விவரமாக வழிமுறைகள் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் ரத்து செய்ததாகக் குறுஞ்செய்தி வரும்வரை யார் சொன்னாலும் ரத்துப் பொத்தானைத் தொடாதீர்கள். தொலைபேசியில் சொல்வதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பணப்பையில் போடுகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். முகவர் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்று இயக்குநரகத்தின் விதியில் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டே புகார் எழுதுங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளமான ஏர்சேவா, நுகர்வோர் உதவி எண் 1915, இரண்டிலும் போடுங்கள். நான் போட்டுவிட்டேன். 21,460 ரூபாய் இன்னும் வரவில்லை.