செட்டிநாட்டு வெயிலில் ஒரு பவளத் தொட்டி

காரைக்குடியில் பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டுப் பத்தியில், 300 லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டியைச் சில ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் விளக்கையும் உப்புக் கலவையையும் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் பகுதியில் தொட்டி பிழைப்பதும் பிழைக்காததும் வெப்பத்தையும் நன்னீரையும் பொறுத்தது என்பதே என் அனுபவம்.

தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவளங்கள் தம் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுக்கத் தொடங்கும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. வெளியே 38, 39 டிகிரி வெயில் காய்ந்தாலும், கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பத்தி ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கும் என்றாலும், பம்புகளும் விளக்கும் வெளியிடும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது போதாது. நீர்ப்பரப்பில் காற்று படும்படி பொருத்திய சிறு மின்விசிறிகள் இரண்டு, மூன்று டிகிரியைக் குறைத்துவிடுகின்றன. நீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி இது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காத இந்த உத்தி, எங்கள் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்கிறது. கத்திரி வெயிலில் மட்டும் சில்லர் என்னும் நீர்க்குளிரூட்டும் கருவியை ஓட்டுகிறேன். 250 வாட் சில்லர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 120 யூனிட் கூடும் என்பதை, வாங்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

விசிறி ஓடினால் தண்ணீர்ச் செலவு கூடும். கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் ஆவியாகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை நன்னீரால்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த நன்னீரில் நைட்ரேட்டோ சிலிக்கேட்டோ இருந்தால் கண்ணாடியெங்கும் பாசி படரும் என்பதால், குடிப்பதற்கு இனிக்கும் சம்பை ஊற்று நீரானாலும் ஆர்.ஓ. வடிகட்டியையும், எஞ்சிய உப்புகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியையும் கடந்துதான் தொட்டிக்குள் போகிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல், தொட்டி நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றும்போது வெளியே எடுத்த உப்புநீரை எங்கே கொட்டுவது என்பதுதான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், 30 லிட்டர் மாற்றும்போதெல்லாம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் உப்பு வெளியேறுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் வளவு எனப்படும் உள்முற்றத்தில் விழும் மழைநீர் வீணாகாமல் கிணற்றையோ ஊருணியையோ சேரும்படி அமைத்திருப்பார்கள். அந்த வழியில் உப்பைக் கலப்பது முறையன்று, தோட்டத்தில் ஊற்றினால் செடிகள் கருகும். மாடியில் அகன்ற பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை வாரிக் குப்பையில் சேர்க்கிறேன். மழைக்காலத்தில் இது நடக்காது. அப்போது நிறைய நீர் கலந்து கழிவுநீர்க் குழாயில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. தெறிக்கும் துளிகளையும் அலட்சியப்படுத்தக் கூடாது: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால் உப்பை உறிஞ்சி, காய்ந்தபின் வெள்ளை பூத்துவிடுகிறது. தொட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு அவசியம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாள்களுக்கு, நீரோட்ட பம்பையும் காற்று பம்பையும் மட்டும் தாங்கும் இன்வெர்ட்டர் போதும்.

உயிரினங்களைப் பொறுத்தவரை, சட்டத்தை அறியாமல் இதில் இறங்கக் கூடாது. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தையும் கடல் விசிறிகளையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், புலியையும் யானையையும் சேர்த்திருக்கும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கடலிலிருந்து பெயர்த்த பவளப்பாறைத் துண்டும் இதில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போனதற்கு, முற்காலத்தில் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு மிகையாகத் தோன்றாது. அப்படியிருந்தும், ‘வளர்ப்புப் பவளம்’ என்று சொல்லிக் கல்பவளத் துண்டுகளின் படங்களை எனக்கு அனுப்பிய வியாபாரிகள் உண்டு. ஆவணம் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. என் தொட்டியில் பீங்கான் பாறைகளும் மென்பவளங்களும் மட்டுமே இருக்கின்றன.

மென்பவளம் என்றால் இரண்டாந்தரம் என்று எண்ண வேண்டியதில்லை. காளான் குடைபோல் விரியும் லெதர் பவளம் அவ்வப்போது தன் நுண்கைகளை உள்ளிழுத்துச் சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் மங்கிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். சில நாள்களில், நீரோட்டம் படும் பக்கத்திலிருந்து அந்த மெல்லிய தோல் கிழிந்து மிதக்க, அடியில் புதிய நிறத்தோடு நுண்கைகள் ஒவ்வொன்றாக நீளும். அந்த நாள்களில் மருந்து எதையும் ஊற்றாமல் நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டுவதே போதும்.

மீன் விஷயத்தில் நிலைமை தேறியிருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்ற இடங்களில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் நுட்பம் கைவந்துவிட்டதால், பொரிப்பகத்தில் பிறந்த மீன்களைக் கேட்டு வாங்க முடிகிறது. கடலில் பிடித்த மீனைவிட இவை செயற்கைத் தீவனத்தை எளிதில் ஏற்கின்றன. கோமாளி மீன்கள் கடலில் அண்டி வாழும் கடல் சாமந்தி என்ற உயிரினம் இல்லாமலும் வாழ்கின்றன. என்னிடமுள்ள இணை லெதர் பவளத்தையே வீடாக்கிக்கொண்டு, அருகிலுள்ள பீங்கான் பாறையில் முட்டையிடுகிறது. ஆனால் குஞ்சுகளுக்கு முதல் உணவான ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைத் தனியே வளர்க்க வேண்டும் என்பதால் அந்த வேலையில் நான் இறங்கவில்லை. காரைக்குடிக் கடைகளில் இன்றும் தங்கமீன், ஃபிளவர்ஹார்ன் போன்ற நன்னீர் மீன்கள்தான். கடல் மீனுக்குச் சென்னை கொளத்தூரிலிருந்து வரும் இரவுப் பேருந்தைத்தான் நம்பியிருக்கிறோம்.