லிஸ்பன் மேடையில் வயலெட்டா: மரியா காலஸின் 1958 ஒலிப்பதிவு

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ ஓப்பராவில் (இசைநாடகத்தில்) நாயகி வயலெட்டாவைப் பாட ஒரு சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி) போதாது, மூவர் வேண்டும் என்று சொல்வதுண்டு. களியாட்டத்துக்குத் துள்ளியோடும் குரல், தியாகத்துக்குக் கனத்த குரல், காசநோயில் உயிர் பிரியும் கடைசி அங்கத்துக்குத் தேய்ந்த குரல். மூன்றையும் ஒரே பெண்ணின் குரலாகவே கேட்க விரும்புவோருக்கு, 1958 மார்ச் 27 அன்று லிஸ்பனின் சாவோ கார்லோஸ் அரங்கில் சோப்ரானோ மரியா காலஸ் பாடிய இந்த நேரடிப் பதிவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இதன் உச்சம் இரண்டாம் அங்கம். தன் மகளின் திருமணம் நின்றுவிடாதிருக்க வயலெட்டாவின் காதலன் ஆல்ஃப்ரெடோவைக் கைவிடும்படி அவனுடைய தந்தை ஜெர்மோன் அவளிடம் கேட்கிறார். முதலில் சீறியும் பிறகு கெஞ்சியும் பார்க்கும் வயலெட்டா பணியும் கட்டத்தில், காலஸ் ஒரு மேல்ஸ்தாயி ஸ்வரத்தைத் தனியாகப் பிடித்து நிறுத்தி, அங்கிருந்து மெல்ல இறங்கி, "அந்த இளம்பெண்ணிடம் சொல்லுங்கள்" என்று தொடங்குகிறார். அழுகையை வெளியே காட்டாமல், குரலின் ஒலியளவை மட்டும் குறைத்தே ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டதை அவர் உணர்த்திவிடுகிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

கடைசி அங்கத்தில் ஜெர்மோனின் கடிதத்தை அவர் பாடாமல் பேச்சுக்குரலில் வாசிக்க, பின்னணியில் பழைய காதல் மெட்டை வயலின் மீட்டுகிறது. விடைபெறும் பாடலின் இறுதி ஸ்வரத்தை நூலிழை போன்ற குரலில் பாட வேண்டும் என்பது வெர்டியின் குறிப்பு. சுத்தமான, உருண்ட நாதத்தையே எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே காலஸின் குரல் நடுங்குவது குறையாகப் படலாம். என் காதுக்கோ அந்த நடுக்கம் வயலெட்டாவின் மூச்சாகவே கேட்கிறது; அதை வழுவழுப்பாகப் பாடியிருந்தால் பாத்திரம் பொய்த்துப்போயிருக்கும்.

ஆல்ஃப்ரெடோவாக வரும் ஆல்ஃப்ரெடோ கிராஸுக்கு அப்போது வயது 30. அவருடைய தெளிந்த இளங்குரல் பாத்திரத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஜெர்மோனாக மரியோ செரெனி கண்ணியமாகப் பாடுகிறார். ஃபிராங்கோ கியோனே நடத்தும் இசைக்குழு சில இடங்களில் சாதாரணமாகவே ஒலிக்கிறது.

மோனோ (ஒற்றைத்தட ஒலி) பதிவு என்பதால் ஒலி மங்கலானது. பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவரின் குரலும் அடிக்கடி குறுக்கிடுகிறது. ஒலித்தெளிவே முதன்மை என்பவர்கள் வேறு ஸ்டுடியோ பதிவை நாடலாம். மற்றவர்கள் பாடல்வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் அங்கத்திலிருந்தே தொடங்குங்கள்.