சின்ன பிஸ்டலுக்கு எந்த ஹோல்ஸ்டர்? டெக்சஸிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

பிஸ்டல் சின்னதாக இருந்தால் எந்த உறையில் போட்டாலும் மறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு மேலாக சிக் சாவர் கம்பெனியின் பி365 என்ற சின்ன பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை நடத்துகிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரிய பிஸ்டலைவிடச் சின்ன பிஸ்டலுக்குத்தான் ஹோல்ஸ்டரைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் என் நிலவரம். டல்லாஸுக்கு வடக்கே நானும் என் கணவரும் ஒரு சின்ன இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறோம். இரவு கடையைச் சாத்திவிட்டு வசூல் பணத்தோடு காருக்கு நடப்பது பெரும்பாலும் நான்தான். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கடையில் ஜீன்ஸும் குர்தாவும், சில நாள் சுடிதார். 20 பவுண்டு அரிசி மூட்டையைக் கீழ்த்தட்டிலிருந்து தூக்குவேன், மேல்தட்டில் மசாலா பாக்கெட் அடுக்குவேன். உட்காருவதை விடக் குனிந்து நிமிர்வதுதான் அதிகம். இணையத்தில் கிடைக்கும் ஹோல்ஸ்டர் விமர்சனங்களில் பெரும்பாலானவை தளர்வான டி-ஷர்ட் போட்ட ஆண்கள் செய்தவை. குர்தா போடுகிறவர்களுக்கு அவை பாதிதான் உதவும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகுதான் நாங்கள் யோசிக்கவே ஆரம்பித்தோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் நான் வகுப்புக்குப் போய், 50 குண்டு சுட்டுக் காட்டி, மாநில உரிமத்தை வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. மாநில உரிமம் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. தினமும் பையனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவளுக்கு அந்த அட்டை ரொம்ப முக்கியம்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். பி365 வெளிவந்தது 2018-ல். குழல் 3.1 அங்குலம், அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம், தோட்டா இல்லாமல் அரைக் கிலோ எடை. அதற்கு முன்னால் இதே அளவில் வந்தவற்றில் மேகசினுக்கு, அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிக்கு, ஆறு, ஏழு தோட்டாதான் பிடிக்கும், இதில் பத்து. என் கை சின்னது, பிடிப்பு நன்றாக அமைந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிவது குழல் அல்ல, கைப்பிடி. குழல் எப்படியும் பேண்டுக்குள் போய்விடும். குழல் நீளமான பிஸ்டலில் பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் பாகம் உடம்போடு அழுந்தி நின்று, மேலே இருக்கும் கைப்பிடியை நிமிர்த்திப் பிடிக்கும். 3.1 அங்குலத்தில் கீழே பிடிமானம் குறைவு. தோட்டா நிறைந்த மேகசின் முழுக்கப் பெல்ட்டுக்கு மேலே நிற்கிறது. குனியும்போதெல்லாம் கைப்பிடி உடம்பை விட்டு வெளியே சாய்கிறது. சட்டைத் துணியில் அதன் வடிவம் அப்படியே தெரிந்துவிடும், இங்கே இதைப் 'பிரிண்ட் ஆகுது' என்பார்கள். துப்பாக்கி குட்டையாக இருப்பதால்தான் இந்தத் தொல்லையே.

நான் முதலில் பார்த்தது கடையில் மலிவாகத் தொங்கிக்கொண்டிருந்த நைலான் உறை. எந்தச் சின்ன பிஸ்டலுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டில் வெறும் உறையை எடுத்து, டிரிக்கர் வருகிற இடத்தில் வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். துணி அப்படியே உள்ளே போனது. வெளியிலிருந்து அழுத்தினால் டிரிக்கரை எட்டும் உறை எதுவானாலும் வேண்டாம். அதிலும் என் பிஸ்டலில் கையால் போடும் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் விசை) கிடையாது. பிஸ்டலை உருவியவுடன் உறையின் வாய் வேறு படிந்து மூடிக்கொண்டது. அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து தோல். வலது இடுப்பில், கடிகாரக் கணக்கில் 4 மணி நிலையில், பேண்டுக்குள் செருகும் வகை. தோலின் சுகமே தனி. போட்ட சில வாரத்தில் உடம்புக்கு ஏற்ப வளைந்துகொடுத்தது. ஆனால் பெண்களின் இடுப்பு வளைவு அந்த இடத்தில் உறையின் அடியை வெளியே தள்ளுகிறது. மேலே கைப்பிடி விலாவில் வந்து இடிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குர்தாவின் பக்கவாட்டு வெட்டு சரியாக அந்த இடத்தில்தான் திறக்கிறது என்பது என் மனத்தில் ஏறவே கொஞ்ச நாள் ஆனது. ஒரு நாள் மேல்தட்டுக்குக் கையைத் தூக்கியபடி கணவரைக் கேட்டேன்.

"ஏங்க, தெரியுதா?"

"முன்னாடி ஒண்ணும் இல்ல. கொஞ்சம் திரும்பு... அந்த வெட்டுல கருப்பா தெரியுதே, உள்ள பனியன் போட்டாலும் தெரியும்."

அப்புறம் டெக்சஸ் வெயில். கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் இங்கே சாதாரணம். தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரத் தோலுக்குள் பிஸ்டலை நாள்கணக்கில் விட்டு வைத்தால் எஃகுக்கு நல்லதில்லை. பழைய தோல் உறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வாய்ப்பகுதி தளர்ந்து உள்ளே மடிந்தால், பிஸ்டலைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே டிரிக்கரை அழுத்திவிடலாம். தோல் உறை வைத்திருப்பவர்கள் வாய் ஓரத்தை மாதம் ஒருமுறையாவது விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது நான் போட்டிருப்பது கைடெக்ஸ். 1960-களில் விமானங்களின் உட்பாகங்களுக்காக உருவான பிளாஸ்டிக் தகடு அது. சூடாக்கி, பிஸ்டலின் வடிவத்திலேயே அழுத்தி வார்க்கிறார்கள். பிஸ்டலைச் செருகினால் டிரிக்கர் காப்பு வளையம் உட்காரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதைத் திருகால் கூட்டிக் குறைக்கலாம். பிஸ்டலை உருவினாலும் வாய் மூடாது. வியர்வை உள்ளே இறங்காது, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். பிஸ்டலின் பூச்சில் உரசல் கோடுகள் விழும். விழட்டும்.

வைக்கும் இடம் முன்பக்கம், தொப்புளுக்குச் சற்று வலப்புறம். 'அப்பெண்டிக்ஸ் கேரி' என்பார்கள். குர்தாவின் முன்பாகம் எங்கும் வெட்டுப்படாமல் தொங்குவதால், நம் உடைக்கு இது மாதிரி ஒத்துப்போகும் இடம் வேறு இல்லை. எதிரே வருகிறவரைப் பார்த்தபடியே பிஸ்டலைக் கையால் காக்கவும் முடியும்.

நான் வாங்கியது பி365-க்கும் அதன் அண்ணன் பி365 எக்ஸ்எல்லுக்கும் சேர்த்துச் செய்த உறை. எக்ஸ்எல்லின் குழல் 3.7 அங்குலம். என் பிஸ்டலைச் செருகினால் அடியில் அரை அங்குலத்துக்கும் மேல் வெறுமனே நிற்கிறது. அந்த வெற்று நீளம்தான் எனக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கியில் இல்லாத நீளத்தை உறை கொடுத்துவிடுகிறது, கைப்பிடி வெளியே சாய்வது பாதி நின்றுவிட்டது. சின்ன பிஸ்டலுக்குச் சின்ன உறை என்று தேடுகிறவர்கள் ஒருமுறை இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதியைத் தீர்த்தவை இரண்டு சின்னச் சாமான்கள். ஒன்று 'கிளா' என்கிற கொக்கி. டிரிக்கர் வளையத்துக்குப் பக்கத்தில் உறையிலிருந்து சிறகு போல நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் அதை உள்ளே அழுத்த, உறை லேசாகத் திரும்பிக் கைப்பிடியை வயிற்றோடு சேர்க்கும். இன்னொன்று 'வெட்ஜ்', ஆப்பு வடிவ நுரைத் துண்டு. உறையின் அடியில் உடம்புப் பக்கம் ஒட்ட வேண்டும். அது குழல் முனையை வெளியே தள்ள, மேல்பாகம் தானாக உள்ளே சாயும். வெட்ஜை ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். வெல்குரோ வைத்து, இடத்தை மாற்றி மாற்றிச் சில நாள் பாருங்கள். அரை அங்குலம் மேலே போனால் இடுப்பு எலும்பு வலிக்கிறது, கீழே இறங்கினால் காரில் உட்காரும்போது தொடையைக் குத்துகிறது. என் உடம்புக்கு எது சரியோ அது உங்களுக்குச் சரியாக இருக்காது.

பெல்ட்டைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. கிளா வேலை செய்யவே பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும். துணிக்கடையில் வாங்கிய மெல்லிய பெல்ட்டில் அது சும்மா தொங்கும். ஆண்களுக்கான துப்பாக்கி பெல்ட் பெரும்பாலும் 1.5 அங்குல அகலம். பெண்கள் ஜீன்ஸின் பெல்ட் வளையங்களில் அது நுழைவதே கஷ்டம். 1.25 அங்குலத்தில் உள்ளே விறைப்புப் பட்டை வைத்த பெல்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். உறையின் கிளிப்பும் அதே அளவில் இருக்க வேண்டும். உறையோடு வந்த 1.5 அங்குல பிளாஸ்டிக் கிளிப் என் பெல்ட்டில் மேலும் கீழும் ஆடியது. வீட்டில் காலி பிஸ்டலை வைத்து உருவிப் பழகும்போது ஒருமுறை உறையும் கையோடு வந்துவிட்டது. அன்றே எஃகு கிளிப்புக்கு மாறினேன். அதை மாட்டக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் மாட்டிய பிறகு அசையாது. உறை, பெல்ட், கிளிப் எல்லாம் சேர்த்து 150 டாலர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டலுக்குக் கொடுத்ததில் கால் பங்குக்கு மேல் வரும். உறைக்கு இவ்வளவா என்று யோசிக்க வேண்டாம்.

புது உறை வந்ததும் நான் செய்யும் சோதனை: மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டா அத்தனையும் வேறு அறைக்குப் போன பிறகுதான் தொடக்கம். பிஸ்டலைச் செருகி, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குவேன். விழக் கூடாது. அப்புறம் இடுப்பில் போட்டு மூட்டையைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, காரில் சீட் பெல்ட் மாட்டி, கழிப்பறை வரை போய்ப் பார்ப்பேன். கழிப்பறை விஷயம் சாதாரணமில்லை. பிஸ்டலைத் தனியாக எடுத்து எங்கும் வைக்காதீர்கள், அப்படி மறந்து விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். உறையிலேயே இருக்கட்டும், பெல்ட் கொக்கியைத் திரும்ப மாட்டி முழங்காலில் இறுக்கமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் வைப்பதில் பயம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. குழல் பார்ப்பது தொடையையும் அதற்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாயையும். அதனால் நான் இடுப்பில் இருக்கும் உறைக்குள் தோட்டா போட்ட பிஸ்டலைச் செருகுவதே இல்லை. காலையில் உறையை மேசை மேல் வைத்து, குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்க, அதில் பிஸ்டலைச் செருகி, 'டக்' சத்தம் கேட்ட பிறகு உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டுகிறேன். இரவு கழற்றுவதும் உறையோடுதான். வெளியே உருவ நேர்ந்து, திரும்பச் செருக வேண்டியிருந்தால் விரல் டிரிக்கருக்கு வெளியே, குர்தாவை இடது கையால் நெஞ்சு வரை தூக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. பேண்ட் நாடா, துப்பட்டா நுனி எதுவும் உள்ளே போகக் கூடாது. செருகுவதற்கு ஒரு நாளும் அவசரம் கிடையாது.

சுடிதார் நாட்களுக்கு வயிற்றில் சுற்றும் 'பெல்லி பேண்ட்' வைத்திருக்கிறேன். டிரிக்கரை மூடும் கைடெக்ஸ் ஓடு தைத்த வகை. வெறும் எலாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். பெல்லி பேண்டிலிருந்து உருவ நேரம் பிடிக்கிறது, வெயில் காலத்தில் உடம்பு அரிக்கிறது. ஆனால் பெல்ட் இல்லாத உடைக்கு இதைவிட நல்லதாக இன்னும் எனக்கு எதுவும் அமையவில்லை. புடவை கட்டும் நாளில் பிஸ்டல் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும். கைப்பையில் வைக்கச் சொல்லும் தோழிகள் உண்டு. பையைப் பறிக்க வருகிறவனிடம் துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். வண்டியில் பை இருக்கும் இருக்கைக்குப் பக்கத்தில்தான் பையனும் உட்காருவான்.

உறை என்பது பூட்டு அல்ல. வீட்டுக்கு வந்ததும் உறையோடு சேர்த்து எண் பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டு வைப்பது டெக்சஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் வைத்திருப்பேன்.

பராமரிப்பு அதிகமில்லை. கைடெக்ஸ் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். திருகுப் புரியில் திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. வாரம் ஒருமுறை உறைக்குள் சேர்ந்த பஞ்சையும் தூசியையும் தட்டி, பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். காலி உறையைக் கூடக் கோடையில் கார் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், கைடெக்ஸ் அந்தச் சூட்டில் வடிவம் மாறலாம், மாறினால் பிடிமானம் போய்விடும். பிஸ்டலில் பிற்பாடு விளக்கு மாட்டும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடிவு செய்துவிட்டு உறைக்கு ஆர்டர் கொடுங்கள். விளக்கோடு சேர்ந்த பிஸ்டல் சாதாரண உறைக்குள் நுழையாது.